குழாய் இருந்தால் போதாது, குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும்



சென்ற மாதக் கூட்டத்தில் வழக்கமான அலுவல்கள் முடிந்து தேநீர் வந்த நேரம். பாரதியார் வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், கனடாவில் டொரான்டோ நகரத்தில் கடை வைத்திருக்கும் தம் மைத்துனருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொன்னார். தீ விபத்தைத் தடுப்பதற்காகக் கடையின் மச்சில் ஓடும் தண்ணீர்க் குழாய், குளிரில் உறைந்து வெடித்துவிட்டதாம். அரிசி மூட்டை, பருப்பு, அப்பளப் பெட்டி, பொய்க்கூரைப் பலகை எல்லாம் நனைந்து வீணாகிவிட்டன. "தீயே பிடிக்கவில்லை, ஆனால் தீயணைக்கும் தண்ணீரால் கடை போச்சு" என்று அவர் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். சிலர் அனுதாபப்பட்டார்கள். ஒருவர் மட்டும், "நல்ல வேளை, காரைக்காலில் தண்ணீர் உறையாது. நமக்கு அந்தக் கவலை இல்லை" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் நம்மை இக்கட்டுரை எழுத வைத்தது. காரைக்காலில் தண்ணீர் உறையாது என்பது உண்மை. ஆனால் ஆபத்து நேரத்தில் குழாயில் தண்ணீர் வராமல் போவதற்கு உறைபனி ஒன்றுதான் காரணம் என்பதில்லை. அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே வெயிலும் உப்புக் காற்றும் மின்தடையும் நம்முடைய அசட்டையும் சேர்ந்து செய்கின்றன. அதை நாம் நேரிலேயே பார்த்தோம். அந்த விவரத்தைப் பின்னால் சொல்கிறோம். முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஸ்பிரிங்க்ளர் என்றால் என்ன?

நம்மில் பலர் இதைச் சினிமாவில் பார்த்திருக்கிறோம். ஒருவர் சிகரெட் புகையைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை பெய்யும். உண்மை அப்படி இல்லை. சாதாரண ஸ்பிரிங்க்ளர் புகைக்குத் திறக்காது. வெப்பத்துக்குத்தான் திறக்கும். அதுவும் எங்கே வெப்பம் ஏறுகிறதோ அந்த இடத்தில் உள்ள தலை மட்டுமே திறக்கும். மற்றவை மூடியே இருக்கும்.

கூரைக்கு அடியில் குழாய்கள் ஓடும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு குழாயிலும் சிறு பித்தளைத் தலைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு தலையிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் நிறமுள்ள திரவம். இந்தக் குமிழ்தான் தண்ணீரின் வாயை அடைத்து நிற்கிறது. கீழே தீப் பிடித்து வெப்பம் ஏறியதும் திரவம் விரிந்து குமிழை உடைக்கும். தண்ணீர் பீறிட்டு, தட்டில் பட்டுச் சிதறி, குடை போல் விழும். சாதாரணமாகப் பயன்படும் ஒரு வகைத் தலையில், ஒரு பார் அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு 80 லிட்டர் தண்ணீர் வரும். ஆள் வேண்டாம், சாவி வேண்டாம், நடுநிசியிலும் வேலை செய்யும். தீ சிறிதாக இருக்கும்போதே அதன் தலையில் அடிப்பதால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தலைகளிலேயே தீ அடங்கிவிடும்.

இது நேற்று வந்த சரக்கும் அல்ல. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி என்பவர், தம் தொழிற்சாலையைத் தீயிலிருந்து காக்க 1874ஆம் ஆண்டிலேயே இப்படி ஒன்றைச் செய்து பொருத்தினார். பிறகு பிரெடரிக் கிரின்னல் என்பவர் அதை மேம்படுத்தினார். தன் சரக்கைத் தானே காக்க வேண்டும் என்று நினைத்த ஒரு தொழில்முனைவரின் கவலையில் பிறந்த கருவி இது என்பதை வணிகர்களாகிய நாம் நினைவில் வைக்கலாம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தலை திறக்கும் அந்த நொடியில் குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும், அழுத்தத்தோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் வருடம் முழுவதும் குழாய் நிரம்பியே நிற்கிறது. டொரான்டோ மைத்துனருக்குச் சங்கடம் வந்ததும் அதனால்தான்.

குளிர் நாட்டில் நடந்தது என்ன?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடி ஃபிரீசரில் வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு இது தெரியும். குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி உருவாகி வளரும்போது, அதற்கும் மூடிய முனைக்கும் இடையே சிக்கிய தண்ணீர் போக இடமில்லாமல் நெருக்கப்படுகிறது. அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அது பிளக்கிறது. ஆனால் அப்போது தண்ணீர் கொட்டாது, ஏனென்றால் பனிக்கட்டியே அடைப்பாக இருக்கிறது. இரண்டொரு நாளில் குளிர் தணிந்து கட்டி உருகும்போதுதான் கொட்டும். அதனால்தான் கடைக்காரர், "குளிர் போய்விட்டது" என்று நிம்மதி அடையும் நாளில் மச்சு ஒழுகத் தொடங்குகிறது.

வீட்டுக் குழாயைவிட இந்தக் குழாய்க்கு ஆபத்து அதிகம். வீட்டுக் குழாயில் தண்ணீர் அவ்வப்போது ஓடும், புதுத் தண்ணீர் கொஞ்சம் சூட்டைக் கொண்டுவரும். ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அதிலும் மச்சு என்பது ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் இருட்டறை. கீழே கடையில் ஹீட்டர் ஓடினாலும் அந்தச் சூடு அங்கே போய்ச் சேராது.

சரி, குழாய்க்குக் கம்பளி போர்த்தினால் போதாதா? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டியை உமியிலும் மரத்தூளிலும் பொதித்து வைப்பதைப் பார்த்திருக்கிறோம். உமி குளிரை உண்டாக்குவதில்லை. ஐஸ் உருகுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதேபோல் குழாயைச் சுற்றும் காப்புறையும் சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. குளிர் இரண்டு நாள் நீடித்தால் உறைக்குள் இருக்கும் தண்ணீரும் உறைந்துதான் போகும்.

ஆகவே சூட்டுக்கு ஒரு வழி வேண்டும். அந்தச் சூடு கீழே கடையில் இருக்கிறது. எனவே காப்புப் பஞ்சைக் குழாயின் மேல் கூடாரம் போலப் போர்த்தி, இரு பக்கமும் உட்கூரை வரை இறக்கிவிட வேண்டும். குழாய்க்கும் உட்கூரைக்கும் நடுவே பஞ்சு இருக்கவே கூடாது. அப்போது கடையின் சூடு உட்கூரை வழியே மேலேறிக் குழாயைத் தொடும். மேலேயுள்ள பஞ்சு அந்தச் சூட்டை ஓட்டின் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும். சுருக்கமாகச் சொன்னால், குழாய் போர்வைக்கு உள்ளே, கடையின் பக்கம் படுத்திருக்க வேண்டும்.

டொரான்டோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. மின் கட்டணம் மிச்சமாகட்டும் என்று கட்டட உரிமையாளர் மழைக்காலத்துக்குப் பின் மச்சில் புதுப் பஞ்சு போட ஆள் விட்டார். வேலையாட்கள் அதை உட்கூரையின் மேல் பரப்பினார்கள். குழாய் பஞ்சுக்கு மேலே, குளிரின் பக்கம் நின்றுபோயிற்று. கடை முன்பைவிடச் சூடாக இருந்தது, குழாய் முன்பைவிடக் குளிர்ந்தது. ஜனவரியில் பலன் தெரிந்தது.

குளிருக்குப் பழகாத ஊர்களும் தப்புவதில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் வந்து மின்சாரம் நின்றபோது, ஹீட்டர்கள் அணைந்து ஏராளமான கட்டடங்களில் குழாய்கள் வெடித்தன. ஸ்பிரிங்க்ளர் குழாய்களும் அவற்றில் அடக்கம். நம் நாட்டிலேயே ஸ்ரீநகரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீடிக்கும் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர்க் காலத்தில் குடிநீர்க் குழாய்கள் உறைவது வழக்கம்.

அமெரிக்க தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, தண்ணீர் நிரம்பிய ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடும் இடத்தில் வெப்பம் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது. அப்படிக் காக்க முடியாத இடத்தில் 'உலர் குழாய்' முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் குழாய்க்குள் அழுத்தப்பட்ட காற்று மட்டும் இருக்கும். தண்ணீர் சூடான அறையில் ஒரு வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும். தலை திறந்து காற்று வெளியேறியதும் வால்வு தானே திறந்து தண்ணீர் பாயும்.

மைத்துனர் கதையில் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது வெடித்த குழாய் அல்ல, அதற்குப் பின்னால் நடந்தது. தண்ணீர் கொட்டியதும் ஓடிப்போய் முதன்மை வால்வை மூடினார்கள். குழாயைச் சரி செய்தார்கள். உட்கூரையை மாற்றினார்கள். கடையைத் திறந்தார்கள். வால்வைத் திறக்க மறந்தார்கள். மூன்று வாரம் கழித்து வருடாந்திரச் சோதனைக்கு வந்தவர்தான் அதைக் கண்டார். அந்த மூன்று வாரமும் கடையில் ஸ்பிரிங்க்ளர் இருந்தது, பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் தீ விபத்தின்போது ஸ்பிரிங்க்ளர் இயங்காமல் போன சம்பவங்களை அதே தீத்தடுப்புச் சங்கம் ஆராய்ந்து வந்திருக்கிறது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம், யாரோ வால்வை மூடி வைத்திருந்ததுதான்.

காரைக்காலில் நாம் கண்டது

இந்தக் கதையைக் கேட்ட நம் சங்க நண்பர் ஒருவர், தம் வாடகைக் குடோனிலும் அப்படிக் குழாய் இருப்பதாகச் சொல்லி, வந்து பார்க்கும்படி அழைத்தார். கட்டியவர் விதிமுறைக்காகப் போட்டுக் கொடுத்தது. நாமும் இரண்டு நிர்வாகிகளுமாக ஒரு மாலை போய்ப் பார்த்தோம்.

தகரக் கூரைக்கு அடியில் சிவப்பு வண்ணம் பூசிய குழாய்கள் வரிசையாகப் போகின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவரோரம் பிரஷர் கேஜைப் பார்த்தோம். முள் பூஜ்யத்தில் நின்றது. வால்வின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தோம், இறுக மூடியிருந்தது. கேட்டதற்கு அவர் சொன்னார்: "அண்ணே, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜாயிண்டுல சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. கீழே சர்க்கரை மூட்டை. பிளம்பர் தம்பி வால்வை மூடிட்டு, நாளைக்கு வந்து சரி பண்றேன்னு போனான். அந்த நாளை இன்னும் வரல."

தீயணைப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். கால் தொட்டித் தண்ணீர் கிடந்தது. லாரி கழுவ அதிலிருந்துதான் எடுக்கிறார்களாம். தலைகள் நாலைந்தின் மேல் கூரைக்கு அடித்த பெயின்ட் படிந்திருந்தது. மூட்டைகள் குழாயைத் தொடும் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, மூலையில் மரப்பரண் மேல் மூன்று பாய்களும் ஒரு கைப்பேசி சார்ஜரும் கண்ணில் பட்டன. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் மூன்று இளைஞர்கள் இரவில் அங்கேதான் படுக்கிறார்கள். ஏறி இறங்க ஒரே ஏணி. ஷட்டர் வெளியே பூட்டப்படுகிறது. நம் நண்பர் நல்லவர், தொழிலாளிகளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்பவர். அவரும் அந்தப் பாய்களைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். மறுநாளே அந்த மூவருக்கும் வேறு இடத்தில் அறை பார்த்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். வால்வு திறந்து குழாய் சரியாக மேலும் பத்து நாள் ஆயிற்று. சங்கம் இதுவரை செய்த காரியங்களில் இதைச் சிறியதாக நாம் எண்ணவில்லை.

நம் ஊருக்கு ஏற்ற காப்பு

இனி நம் ஊரில் கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது வெயில். அங்கே மச்சு உறைகிறது, இங்கே மச்சு கொதிக்கிறது. கத்திரி வெயிலில் காற்றோட்டமில்லாத தகரக் கூரைக்கு அடியில் வெளி வெப்பத்தைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். ஸ்பிரிங்க்ளர் குமிழின் நிறம் அது எத்தனை டிகிரியில் உடையும் என்பதைச் சொல்கிறது. ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141 டிகிரி செல்சியஸ். அந்த இடத்தில் எதிர்பார்க்கும் அதிகபட்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலாக உள்ள குமிழைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது பொது விதி. குளிரூட்டிய கடைக்குள் சிவப்பு சரி. தகரக் கூரைக்கு அடியில் 45 டிகிரி வரும் என்றால் 75க்கு மேல் வேண்டும், ஆகவே மஞ்சள். 50ஐத் தாண்டும் என்றால் பச்சை. தவறான நிறம் போட்டால் தீயே இல்லாமல் சரக்கின் மேல் தண்ணீர் விழலாம். உங்கள் கூரைக்கு அடியில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டு, சித்திரை, வைகாசியில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். சந்தேகம் தீரும்.

இரண்டாவது, வெயிலுக்குப் போடும் காப்பு. கூரைச் சூட்டைக் குறைக்கத் தகரத்துக்கு அடியில் தெர்மகோல் அட்டை ஒட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. சூடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரணத் தெர்மகோல் எளிதில் பற்றும். உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்து கீழே சரக்கின் மேல் விழும். கரும்புகை கக்கும். நம் சரக்கின் தலைக்கு மேல் நாமே விறகு அடுக்கியது போலாகும். கண்ணாடி இழைப் பஞ்சு, பாறை இழைப் பஞ்சு ஆகியவை எரியாத வகை. விலை சற்றுக் கூடும். கூரை சம்பந்தமான விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நமக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோமே, அன்று பற்றி எரிந்ததும் கூரைதான்.

மூன்றாவது உப்பு. கடற்காற்று வெளியிலிருந்து குழாயை அரிக்கும். உவர்ப்பான போர்த் தண்ணீர் உள்ளிருந்து அரிக்கும். தீயணைப்புத் தொட்டியை முடிந்தவரை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். இணைப்புகள், தாங்கும் கம்பிகள், போல்ட்டுகள் ஆகியவற்றில் துரு தெரிந்தால் உடனே சுரண்டி வண்ணம் பூசுங்கள். ஆனால் ஸ்பிரிங்க்ளர் தலையில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூடப் படக் கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெள்ளையடிக்கும்போது தலைகளைச் சிறு காகிதப் பையால் மூடிவிட்டு, வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பெயின்ட் பட்ட தலையைச் சுரண்டிச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

நான்காவது மின்சாரம். டெக்சாசில் மின்சாரம் போனதும் குழாய் உறைந்தது. இங்கே மின்சாரம் போனால் பம்ப் நிற்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இருட்டில்தான் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் ஜெனரேட்டரும் கடைக்குள் வந்தன. அதாவது தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடிய நாளில் தண்ணீர் வரும் வாய்ப்பு குறைந்தது. எனவே மின் பம்போடு டீசல் பம்பும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாட்டரியும் டீசலும் இருக்கிறதா என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

ஐந்தாவது அடுக்கு. தலைக்கும் சரக்குக்கும் நடுவே குறைந்தது அரை மீட்டர் இடைவெளி வேண்டும். மூட்டை முட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் குடைபோல் விரியாது.

குளிர்பதன அறை வைத்திருப்பவர்களுக்கு

காரைக்காலில் தண்ணீர் உறையாது என்று மேலே ஒப்புக்கொண்டோம். ஒரு விலக்கு உண்டு. இறாலும் மீனும் மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் அறைக்குள் கனடாவின் ஜனவரி வருடம் முழுவதும் நிலவுகிறது. அப்படிப்பட்ட அறைக்குள்ளோ அதன் சுவரை ஒட்டியோ தண்ணீர் நிரம்பிய குழாய் போனால், டொரான்டோவில் நடந்தது இங்கேயும் நடக்கும். அங்கே உலர் குழாய் முறைதான் பொருந்தும். அதிலும் குழாயைச் சற்றுச் சரிவாக அமைத்து, சோதனைக்குப் பின் தங்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். மிச்சத் தண்ணீர் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டால், வேண்டிய நேரத்தில் வழி இருக்காது.

இன்னொன்று, இந்த அறைகளின் சுவர்ப் பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் யூரித்தேன் நுரை. குளிரைக் காக்கும், ஆனால் பற்றினால் கொடிய புகை விடும். தென் கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட தீயில் 40 பேர் இறந்தார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில் கட்டுமானத்திலிருந்த இன்னொரு கிடங்கில் 38 பேர் இறந்தார்கள். இரண்டிலும் யூரித்தேன் நுரை தீயைப் பெருக்கியது. ஆகவே குளிர்பதன அறையில் வெல்டிங் வேலை நடக்கும்போது தீயணைப்புக் கருவியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் இல்லாத சிறு கடைகள்

"எங்களுக்கு ஏது ஸ்பிரிங்க்ளர்? பத்துக்குப் பன்னிரண்டு கடை" என்று கேட்கும் உறுப்பினர்கள்தான் நம் சங்கத்தில் அதிகம். அவர்களுக்கும் இதே பாடம்தான். கருவி சுவரில் தொங்கினால் போதாது, வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஏ.பி.சி. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றை வாசலுக்கு அருகில் மாட்டுங்கள். உள் மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லாவுக்குச் சூடம் காட்டும்போது பார்த்துவிடுங்கள். பின்னை எப்படி இழுப்பது என்பது கடைப் பையனுக்கும் தெரியட்டும்.

பரணில் சணல் சாக்கும் காலி அட்டைப் பெட்டியும் அடைத்து, அதன் நடுவே மின்சார வயரை ஓடவிடுவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். பரண் சரக்குக்கு உரியது, வயருக்கோ மனிதருக்கோ உரியதல்ல. இரவில் யாரையும் பரணில் படுக்க வைக்காதீர்கள். யாராவது கடைக்குள் தங்கியே ஆக வேண்டுமானால், உள்ளிருந்து திறக்கக்கூடிய வழி இருந்தே தீர வேண்டும். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்தபோது, எத்தனையோ வண்டிகள் வந்தும் தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. உள்ளே பெருகிவிட்ட தீயை வெளியிலிருந்து அணைப்பது அவ்வளவு கடினம். முதல் ஐந்து நிமிடம் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது.

காப்பீடு பற்றி ஒரு சொல்

நம் உறுப்பினர் பலர் வைத்திருக்கும் தீக் காப்பீட்டில், தானியங்கி ஸ்பிரிங்க்ளரிலிருந்து தற்செயலாகத் தண்ணீர் கசிந்து ஏற்படும் சேதமும், தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடிப்பதால் ஏற்படும் சேதமும் பொதுவாக அடங்கும். இது தெரியாமலேயே சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து வால்வை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கட்டடத்தையோ ஸ்பிரிங்க்ளரையோ பழுது பார்க்கும்போதும் மாற்றும்போதும் ஏற்படும் கசிவுக்கும், பழுது என்று உங்களுக்கே முன்பே தெரிந்திருந்த குறையால் வரும் கசிவுக்கும் இழப்பீடு கிடைக்காது. எனவே ஒழுகும் இணைப்பை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது இரட்டை நஷ்டம். ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது என்று சொல்லிப் பிரீமியத்தில் சலுகை பெற்றவர்கள், அதை இயங்கும் நிலையில் வைத்திருப்பது தங்கள் கடமை என்பதையும் மறக்க வேண்டாம். இயந்திரத்தோடும் கட்டடத்தோடும் சரக்கையும் சேர்த்து ஐந்து கோடி ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி வந்திருக்கிறது. உங்கள் பாலிசியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். புரியாத இடத்தை ஏஜென்டிடம் கேளுங்கள்.

முடிவாக

மைத்துனரின் கடை மீண்டும் நடக்கிறது. இப்போது பஞ்சு குழாயின் மேலே கூடாரமாகப் போர்த்தப்பட்டிருக்கிறது. வால்வில் ஒரு சங்கிலி கட்டி, 'திறந்தே இருக்க வேண்டும்' என்று அட்டை மாட்டியிருக்கிறார்களாம். மூட நேர்ந்தால் யார் மூடினார், எந்தத் தேதி, எப்போது திறக்கப்படும் என்பதை அந்த அட்டையிலேயே எழுத வேண்டும். இதற்குச் செலவு ஒரு சங்கிலி, ஒரு அட்டை. இதை நாமும் செய்யலாம்.

குடோன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த இதழைக் கீழே வைத்ததும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டுகிறோம். வால்வு திறந்திருக்கிறதா, கேஜ் முள் ஏறியிருக்கிறதா, தொட்டி நிரம்பியிருக்கிறதா, பரணில் யாராவது படுக்கிறார்களா? இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். காரைக்கால் தீயணைப்பு நிலையத்தாரைக் கேட்டால் வழிகாட்டுவார்கள். அவசரத்துக்கு 101 அல்லது 112 என்ற எண்ணைக் கல்லாவுக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டக் கூடாது என்பது பெரியவர்கள் சொன்னது. கிணறு வெட்டித் தண்ணீரும் கட்டிவிட்டு, வாயை மூடி வைத்துவிட்டு மறந்தவர்களைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அதைச் சங்கம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.